வீட்டிலேயே மாதிரி எடுக்கும் எச்.பி.வி. பரிசோதனைப் பெட்டி: குச்சி நன்று, கூட வந்த காகிதம் போதாது

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான முன்பரிசோதனைக்கு இந்த ஆண்டாவது போய்விட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே ஆறு ஆண்டுகளைக் கடத்தியவள் நான். அதற்கு முன்பு ஒரே ஒருமுறை பாப் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறேன். அதில் என்ன எழுதியிருந்தார்கள் என்பது இப்போது நினைவில் இல்லை. ஆனால் கால்களை அகற்றி வைத்துக்கொண்டு, ஸ்பெக்குலம் என்னும் அந்த வாத்தலகுக் கருவி உள்ளே விரிவதை உணர்ந்தபடி, மேலே இருந்த விளக்கையே வெறித்துக்கொண்டு கிடந்த நிமிடங்கள் மட்டும் மறக்கவில்லை. ஆகவே, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்னும் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, மாதிரியை நாமே எடுத்து அஞ்சலில் அனுப்பிவிடலாம், முடிவு கைப்பேசிக்கே வந்துவிடும் என்னும் விளம்பரத்தைப் பார்த்ததும், மறுயோசனை இல்லாமல் ஒரு பெட்டியை வரவழைத்தேன். எனக்கு வயது 44. அந்தப் பெட்டியோடும் அதை அனுப்பிய சேவையோடும் ஓராண்டுக்கும் மேலாக எனக்கு ஏற்பட்ட அனுபவத்தை இங்கே பதிவு செய்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை; பெட்டியில் நான் பாராட்டுவதும் சேவையில் நான் குறை காண்பதும் ஒரு பெயரோடு நின்றுவிடுபவை அல்ல என்றே நினைக்கிறேன்.

முதலில் பெட்டி. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய அட்டைப் பெட்டிக்குள், தனி உறையில் அடைத்த ஒரு குச்சி, திருகுமூடி உள்ள ஒரு குழாய், பெயரும் மாதிரி எடுத்த நாளும் எழுதி ஒட்டுவதற்கான வில்லை, முகவரி அச்சிட்ட திருப்பி அனுப்பும் உறை, நான்காக மடித்த ஒரு விளக்கத்தாள் ஆகியவை இருந்தன. குச்சியின் முனை காது குடையும் பஞ்சைப் போன்றதன்று. வெல்வெட் துணியின் மேற்பரப்பைப் போல நுண்ணிழைகள் நெருக்கமாகப் பதிந்த மென்முனை. தண்டில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில் சிவப்புக் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். அந்தக் கோடு வரை உள்ளே செலுத்தி, 20 வினாடிகள் மெதுவாகச் சுழற்றி, வெளியே எடுத்துக் குழாய்க்குள் இட்டு, தண்டை ஒடித்து மூடிவிட வேண்டும். மாதவிலக்கு நாட்களில் எடுக்கக் கூடாது, முந்தைய இரண்டு நாட்களில் யோனிக்குள் களிம்போ மாத்திரையோ வைத்திருக்கக் கூடாது என்னும் நிபந்தனைகள் தாளின் தலையிலேயே தடித்த எழுத்தில் இருந்தன.

குளியலறையில், ஒரு காலை முக்காலியின் மேல் வைத்து நின்றபடி எடுத்தேன். வலி இல்லை, கூச்சமும் முதல் ஐந்து வினாடிகளோடு சரி. இருபது எண்ணி முடித்தபோது, இதற்காகவா ஆறு ஆண்டுகள் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. ஓர் இடத்தில் மட்டும் கை தடுமாறியது. குச்சியை ஒடிக்கும்போது அது விசையோடு துள்ளுகிறது. குழாயைத் தரையில் நிறுத்திவிட்டு ஒற்றைக் கையால் ஒடிக்கப் பார்த்தால் எல்லாம் சேர்ந்து உருண்டுவிடும். குழாயை இறுகப் பிடித்துக்கொண்டு ஒடிக்கவும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

மருத்துவர் கண்ணால் பார்த்து எடுக்கும் இடத்தை நான் குருட்டாம்போக்கில் தொட்டிருப்பேனா என்னும் ஐயம் எனக்கு இருந்தது. பின்னர் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது, தொட வேண்டியதே இல்லை என்பது. பாப் பரிசோதனை செல்களின் தோற்றத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது. ஆகவே கருப்பைவாயிலிருந்தே செல்களைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். எச்.பி.வி. பரிசோதனையோ வைரஸின் மரபுப்பொருளைத் தேடுவது. கருப்பைவாயில் உதிரும் செல்களும் வைரஸும் யோனிக்குள் இறங்கி வந்துகொண்டே இருப்பதால், அங்கே சுழற்றிய குச்சியில் ஒட்டியது போதும். அதிலுள்ள சிறுதடயத்தையும் பி.சி.ஆர். முறையில் பன்மடங்கு பெருக்கிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இம்முறையில் சோதிக்கும்போது, நாமே எடுத்த மாதிரி, புற்றுக்கு முந்தைய முற்றிய மாற்றங்களைக் கண்டறிவதில் மருத்துவர் எடுத்த மாதிரிக்கு ஏறத்தாழ நிகராகவே நிற்கிறது. வைரஸோடு கூடவே மனித மரபணு ஒன்றும் மாதிரியில் இருக்கிறதா என்று பார்ப்பது இத்தகைய பரிசோதனைகள் பலவற்றில் உள்ளமைந்த காவல். அது இல்லையென்றால் குச்சியில் செல்லே ஒட்டவில்லை என்று பொருள். முடிவு ‘வைரஸ் இல்லை’ என்று வராது, ‘மீண்டும் எடுக்கவும்’ என்று வரும். தவறாக எடுத்துவிட்டோமோ என்று தவிக்கும் ஒருத்திக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறு இல்லை. விளக்கத்தாளில் அது ஒரு சொல்கூட இல்லை.

இது அரைகுறையான வீட்டு வைத்தியமும் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முதல்நிலைப் பரிசோதனையாக எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையையே முன்னிறுத்தி, மாதிரியைப் பெண்கள் தாமே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல், பரிசோதனைக்கு உரிய வயதில் உள்ள எல்லாருக்கும் இந்தத் தெரிவு உண்டு. அமெரிக்காவில் 2024-இல் மருத்துவ நிலையத்துக்குள் தாமே எடுப்பதற்கும், 2025-இல் வீட்டில் எடுப்பதற்கான கருவி ஒன்றுக்கும் ஒப்புதல் கிடைத்தது.

இனி என் குறை. அந்த விளக்கத்தாளில் குச்சியை எப்படிப் பிடிப்பது என்பதற்கு ஆறு படங்கள் இருந்தன; எதைத் தேடுகிறோம் என்பதற்கு இருந்தது ஒரே ஒரு வரி. ‘எச்.பி.வி. என்பது பாலுறவு வழியாகப் பரவி, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்.’ ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டுத் தன் முடிவைத் திறக்கும் பெண் என்ன ஆவாள் என்பதை எழுதியவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

என் முடிவு, 11-ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, சேவையின் உதவி எண் மூடிய பிறகு வந்தது. கைப்பேசித் திரையில் மூன்று வரிகள். வகை 16: இல்லை. வகை 18: இல்லை. பிற உயர் அபாய வகைகள்: கண்டறியப்பட்டது. மூன்றாவது வரி மட்டும் சிவப்பு எழுத்தில் இருந்தது. அதன் கீழே ‘உங்கள் மருத்துவரை அணுகவும்’ என்று ஒரு வரி. அதற்கும் கீழே, ‘அடுத்து என்ன செய்யலாம்’ என்னும் தலைப்பில், எச்.பி.வி. தடுப்பூசிக்கு முன்பதிவு செய்யும் பொத்தான். அந்தப் பொத்தானை நான் மன்னிக்கவே போவதில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். திரையை என் கணவரிடம் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இது எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. ஆனால் திங்கள்கிழமை காலை வரை அந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தது.

திங்களன்று நான் பார்த்த மகளிர் நோய் மருத்துவர், அச்சிட்டு எடுத்துச் சென்ற முடிவைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு குடுவையைக் கவிழ்த்து வரைந்தார். குடுவையின் வாய்ப்பகுதியில் ஒரு வளையம் போட்டு, வெளிப்புறத்துத் தட்டையான செல்களும் உட்புறத்துத் தூண் போன்ற செல்களும் சந்திக்கும் எல்லை இதுதான், செல்கள் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாறிக்கொண்டே இருக்கும் இடமும் இதுதான், இந்த வைரஸ் வேர் பிடிப்பதும் பெரும்பாலும் இங்கேதான் என்றார். அடுத்த கால் மணி நேரத்தில் அவர் சொன்னவற்றில் பாதியையாவது அந்த விளக்கத்தாள் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் மூன்று இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

எச்.பி.வி. என்பது ஒரே வைரஸ் அன்று. 200-க்கும் மேற்பட்ட வகைகளைக் கொண்ட குடும்பம். கையில் மரு உண்டாக்குபவை சில. பிறப்புறுப்பில் மரு உண்டாக்கும் 6, 11 ஆகியவை புற்றுநோயை உண்டாக்குபவை அல்ல. உயர் அபாயம் என்று பரிசோதனைகள் தேடுவது பொதுவாக 14 வகைகளை. அவற்றிலும் 16, 18 ஆகிய இரண்டுமே உலகில் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம். அதனால்தான் முடிவில் அவ்விரண்டுக்கும் தனி வரி ஒதுக்குகிறார்கள். எனக்கு இருந்தது மீதி 12-இல் ஏதோ ஒன்று. பாலுறவு வாழ்வில் நுழையும் ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பாலானோர் எப்போதாவது ஒருமுறை இவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பெற்றே தீருகிறார்கள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை. பத்தில் ஒன்பது தொற்றுகளை உடலின் எதிர்ப்பாற்றலே இரண்டு ஆண்டுகளுக்குள் அடக்கிவிடுகிறது. அடங்கியது சில வேளைகளில் பரிசோதனைக்குச் சிக்காத அளவில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து பின்னர் தலைகாட்டவும் கூடும். ஆகவே இன்று கண்டறியப்பட்ட வைரஸ் எந்த ஆண்டில், யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. என் கணவரின் கேள்விக்கு விடை அதுதான். பெட்டிக்குள் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டிய ஒரே வாக்கியம் எது என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆபத்து, அடங்காமல் தங்கிவிடும் அந்தச் சிறு பங்கில்தான் இருக்கிறது. இந்த வைரஸ் இரத்தத்தில் சுற்றுவதில்லை. தோலுறையில் ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாக அடித்தளச் செல்களுக்குள் புகுந்து அங்கேயே குடியிருக்கிறது. நீண்ட காலம் தங்கும் உயர் அபாய வகைகளின் இ6, இ7 என்னும் இரு புரதங்கள், பழுதான செல்லை நிறுத்தி வைக்கும் பி53, ஆர்பி என்னும் நம் உடலின் இரு காவல் புரதங்களையும் செயலிழக்கச் செய்கின்றன. காவல் போன பிறகு செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. முதலில் முன்புற்று மாற்றங்கள், அவற்றையும் கவனிக்காமல் விட்டால் புற்று. எதிர்ப்பாற்றல் இயல்பாக உள்ள பெண்ணிடம் இந்தப் பயணத்துக்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன; எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் 5 முதல் 10 ஆண்டுகளில் முடிந்துவிடலாம். புகைபிடித்தல் இந்தப் பயணத்தை விரைவுபடுத்துகிறது. இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகக் குறைவு. அப்படியிருந்தும் 2022-இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 6,60,000 பெண்களுக்கு இது புதிதாக வந்து, ஏறத்தாழ 3,50,000 பேர் இறந்திருக்கிறார்கள்.

இதற்கும் வைரஸுக்கும் உள்ள தொடர்பு நீண்ட காலம் தவறான இடத்தில் தேடப்பட்டது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். 1970-களில் பலரும் சந்தேகப்பட்டது அக்கியை ஒத்த ஹெர்ப்பிஸ் வைரஸை. ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசன் மட்டும் மரு உண்டாக்கும் வைரஸ் குடும்பத்தின் மேல் பிடிவாதமாகக் கை நீட்டி, 1983, 1984 ஆகிய ஆண்டுகளில் தம் குழுவினருடன் 16, 18 வகைகளைப் புற்றுத் திசுக்களிலிருந்து பிரித்துக் காட்டினார். 1951-இல் இந்த நோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸின் உடலிலிருந்து எடுக்கப்பட்டு, இன்று வரை உலகத்து ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருக்கும் ஹீலா செல்களுக்குள்ளும் 18-ஆம் வகை இருந்தது. 2008-இன் மருத்துவ நோபல் பரிசில் ஒரு பாதி ஹவுசனுக்குக் கிடைத்தது; மறுபாதி எச்.ஐ.வி.யைக் கண்டறிந்த இருவருக்கு. அந்தப் பரிசு இரண்டு வைரஸ்களுக்கும் சேர்ந்தே கிடைத்தது பொருத்தம்தான்: எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு கூடுதல். அவர்கள் 25 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கி, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை; மற்றவர்களுக்கு 30 வயதிலிருந்து, 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை. பெட்டியை வரவழைக்கும் படிவத்தில் என் வயதைக் கேட்டார்கள். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் நோயோ மருந்தோ உண்டா என்று கேட்கவில்லை.

இப்போது அந்தப் பொத்தானுக்கு வருகிறேன். எச்.பி.வி. தடுப்பூசியில் இருப்பது வைரஸின் மேலோடு மட்டுமே, உள்ளே மரபுப்பொருள் இல்லை. ஆகவே அது தொற்றாது, தொற்றை வரவிடாமல் அருமையாகத் தடுக்கும். 2006-இல் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த நாள் முதல் அதன் பயன் ஐயத்துக்கு இடமின்றிக் காணப்பட்டிருக்கிறது. அதைத் தொற்றுக்கு முன்பே, 9 முதல் 14 வயதுக்குள் போட்டுவிடுவதே சிறந்தது. என் மகளுக்குப் போட்டாயிற்று. ஆனால் ஏற்கெனவே உள்ள தொற்றை அது விரட்டாது. ‘கண்டறியப்பட்டது’ என்னும் சிவப்பு எழுத்துக்குக் கீழே, அடுத்து செய்ய வேண்டியது இதுதான் என்பது போல அதை வைத்தால், பயந்திருக்கும் பெண் அதை மருந்தென்று எண்ணிப் போட்டுக்கொண்டு, உண்மையில் போக வேண்டிய இடத்துக்குப் போகாமலே இருந்துவிடுவாள்.

அவள் போக வேண்டிய இடம், நான் ஆறு ஆண்டுகள் தவிர்த்து வந்த அதே படுக்கைதான். சேவையின் மிகப்பெரிய மௌனம் இங்கேதான் இருக்கிறது. ‘இனி ஸ்பெக்குலம் வேண்டாம்’ என்று விளம்பரம் சொன்னது. வைரஸ் இல்லை என்று வருபவர்களுக்கு அது உண்மை, அவர்களே பெரும்பான்மையினர். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அடுத்த படி, கருப்பைவாயிலிருந்து மருத்துவர் எடுக்கும் செல்களைப் பரிசோதிப்பது. வீட்டில் எடுத்த குச்சி அதற்கு உதவாது. அதில் உள்ளவை பெரும்பாலும் யோனியின் செல்கள். 16 அல்லது 18 இருந்திருந்தால் நேராகக் கால்போஸ்கோப்பிக்கு, அதாவது கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுத்துத் தெரியும் இடங்களை உருப்பெருக்கி வழியாகப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த நிலையில் கண்டறியும் முன்புற்று மாற்றங்களைச் சூடேற்றி அழிப்பதாலோ மின்கம்பி வளையத்தால் செதுக்கி எடுப்பதாலோ பெரும்பாலும் முற்றாக நீக்கிவிட முடிகிறது. பல வேளைகளில் அன்றே வீடு திரும்பிவிடலாம். பெட்டி அந்தப் படுக்கைக்கு மாற்றன்று. யார் அங்கே போக வேண்டும் என்று பிரித்துச் சொல்வது மட்டுமே அதன் வேலை. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. சொல்லிவிட்டு விற்றிருக்கலாம்.

என் செல் பரிசோதனை இயல்பாக இருந்தது. இம்முறை, முன்பே தெரிந்து போனதாலோ, கருவியைச் சற்று வெதுவெதுப்பாக்கிக் கொண்டுவந்த செவிலியரின் தயவாலோ, விளக்கை வெறிக்கும் அளவுக்குத் துன்பமாக இல்லை. வைரஸைக் கொல்லும் மருந்து என்று எதுவும் இல்லாததால் மருத்துவர் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. ஓராண்டு கழித்து மீண்டும் எச்.பி.வி. சோதனை செய்துகொள்ளச் சொன்னார். சென்ற மாதம் அதே நிறுவனத்தின் இரண்டாவது பெட்டியை வரவழைத்துச் செய்தேன். மூன்று வரிகளும் ‘இல்லை’ என்று வந்தன. இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் அதே நிறுவனம் என்று கேட்பீர்கள்: அதன் ஆய்வகம் செய்வது பி.சி.ஆர். முறை, முடிவில் வகைகளைப் பிரித்துத் தருகிறது, இரண்டு முறையும் சொன்ன நாளுக்குள் தந்தது. குச்சியில் குறை காண எனக்கு எதுவும் இல்லை.

இந்தப் பெட்டியை வாங்கவே கூடாதவர்களும் உண்டு. உறவுக்குப் பின் இரத்தம் படுவது, இரு மாதவிலக்குகளுக்கு இடையில் அல்லது மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தப்போக்கு, நாற்றத்தோடு நீங்காத வெள்ளைப்படுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் முன்பரிசோதனைக்கான கட்டம் கடந்துவிட்டது. அஞ்சலில் முடிவு வரும் வரை காத்திராமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும். கருப்பையின் உட்சுவர், சினைப்பை ஆகியவற்றின் புற்றுநோய்களைப் பற்றி இந்தப் பரிசோதனை எதுவும் சொல்லாது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் பரிசோதனை தேவை; எந்தத் தடுப்பூசியும் 14 வகைகளையும் தடுப்பதில்லை.

மதிப்பெண் போட வேண்டுமென்றால் குச்சிக்கும் ஆய்வகத்துக்கும் ஐந்துக்கு ஐந்து போடுவேன், விளக்கத்தாளுக்கு ஒன்று, முடிவைத் தெரிவித்த விதத்துக்கு அதுவும் இல்லை. இந்தக் குறைகளை நிறுவனத்துக்கும் எழுதினேன். தங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு பதில் வந்தது. இரண்டாவது பெட்டியில் வந்த தாளிலும் அதே ஆறு படங்கள், அதே ஒரு வரி.

என் அக்காவுக்கு வயது 49. பாப் பரிசோதனை என்றாலே பேச்சை மாற்றிவிடுவார். அவருக்கும் ஒரு பெட்டியை வரவழைத்து, உள்ளே இருந்த விளக்கத்தாளின் வெறும் பின்பக்கத்தில், மருத்துவர் எனக்கு வரைந்த குடுவையை என்னால் முடிந்த அளவில் வரைந்து, எந்த ஆண்டில் யாரிடமிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது என்பதையும், உண்டு என்று வந்தால் நானும் கூட வருகிறேன் என்பதையும் எழுதி வைத்தேன். நேற்று தொலைபேசியில் பேசும்போது பெட்டியைத் திறந்துவிட்டதாகச் சொன்னார். “குச்சி சரி, நீ வரைந்த படம்தான் என்னவென்று விளங்கவில்லை” என்றார். மாதவிலக்கு முடிந்ததும் எடுக்கிறாராம்.